ஃபிளமெங்கோவை மேடை கெடுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயின் நாட்டின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த கலையான ஃபிளமெங்கோ பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஆனால், காசு வாங்கிக்கொண்டு ஆடவும் பாடவும் தொடங்கியதால்தான் அந்தக் கலை கெட்டது என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஃபிளமெங்கோ தென் ஸ்பெயினின் ஆந்தலூசியாவில், ஏழை எளியவர்களிடையே, குறிப்பாக ஹித்தானோ எனப்படும் ரோமா (ஜிப்சி) மக்களிடையே வளர்ந்தது. அதில் சந்தேகமில்லை. ஆனால் பாடகருக்கு அதை ஒரு பிழைப்பாக்கித் தந்தவை 19ஆம் நூற்றாண்டின் பாட்டுக் கஃபேக்கள். பாடகர் சில்வேரியோ ஃபிராங்கோனெட்டி 1881இல் செவில் நகரில் தன் பெயரிலேயே ஒரு கஃபே திறந்தார். அவர் ஹித்தானோ அல்ல, அப்பா இத்தாலிக்காரர். ஆனாலும் ஹித்தானோக்களின் சிகிரியா பாட்டில் அவரைப் பெரிய மேதையாகக் கொண்டாடினார்கள். இரவுக்கு இரவு, விஷயம் தெரிந்த ரசிகர்கள் முன்னால் பாடிப் பாடித்தான் அந்தக் காலத்துப் பாட்டு மெருகேறியது.

கட்டுரையாளர் சொல்லும் அதே கவலை இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயாவுக்கும் கவிஞர் லோர்காவுக்கும் இருந்தது. 1922 ஜூனில் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனை வளாகத்தில் அவர்கள் ஒரு பாட்டுப் போட்டி நடத்தினார்கள். 21 வயதைத் தாண்டிய தொழில்முறைப் பாடகர்களுக்கு அதில் இடமில்லை. சரி, பரிசு யாருக்குப் போனது? ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய எல் தெனாசாஸ். சில்வேரியோவின் பாணியில் ஊறியவர். இன்னொருவர் மனோலோ கராக்கோல் என்ற சிறுவன். நடுவர் குழுவின் தலைவரோ, சில்வேரியோவின் கஃபேயில் பாடிப் புகழ்பெற்ற அந்தோனியோ சக்கோன்! அப்புறம் அந்தச் சிறுவன் வளர்ந்து, 1963இல் மாட்ரிட்டில் லோஸ் கனாஸ்தெரோஸ் என்ற தப்லாவை, அதாவது ஃபிளமெங்கோ விடுதியைத் தானே திறந்தார். கட்டணக் கச்சேரிக்கு எதிராக நடந்த போட்டியில் பரிசு வாங்கியவரே கட்டண மேடை அமைத்தார் என்பதைக் கட்டுரையாளர் யோசிக்க வேண்டும்.

தப்லாவ் என்றாலே சுற்றுலாக்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. புகழ்பெற்ற பாடகர் கமரோன் பல வருஷம் மாட்ரிட்டின் தோர்ரெஸ் பெர்மெஹாஸ் தப்லாவில்தான் பாடினார். 1956இல் அங்கே தொடங்கிய கோரால் தே லா மொரெரியா என்ற தப்லாவ் இன்றும் நடக்கிறது. காசா பாத்தாஸ் என்ற இன்னொரு தப்லாவ் 2020இல் கொரோனாவால் மூடப்பட்டபோது கலைஞர்கள் எவ்வளவு வருந்தினார்கள்! தினசரி வேலை தரும் மேடை போனால், இளம் பாடகர் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் வாய்ப்பும் போகிறது.

உண்மையான சேதம் எது என்றால், செவிலின் த்ரியானா பகுதியில் நடந்ததைச் சொல்வேன். தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த ஹித்தானோ குடும்பங்கள் 1950களிலும் அதற்குப் பிறகும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, நகரின் ஓரத்துக் குடியிருப்புகளுக்குச் சிதறிப்போயின. முற்றத்தைச் சுற்றி வீடுகள், நடுவில் பாட்டு என்றிருந்த வாழ்க்கை அதோடு போயிற்று. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகவும் வருத்தம்.

இன்னொரு குறை. படங்கள் எல்லாமே நடனமாடும் பெண்கள். ஃபிளமெங்கோவுக்கு உயிர் பாட்டுதான். மார்தினேத்தே என்ற வகைக்குக் கிதார்கூடக் கிடையாது, குரல் மட்டுமே. செவிலின் பாடகி பாஸ்தோரா பவோன் குரலை 1999இல் ஆந்தலூசிய அரசு பண்பாட்டுச் செல்வமாகவே அறிவித்தது. அவரைப் பற்றியும், 1949 முதல் இயங்கிவரும் கிரனாடாவின் லா பிளாதெரியா ரசிகர் சங்கத்தைப் பற்றியும் ஒரு தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி