கன்ட்ரி பங்க்: தொப்பியை விடுங்கள், தாளத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பங்க் (வேகமான, முரட்டு ராக் இசை) குழுக்களின் புதிய வெளியீடுகளில், அந்நாட்டுக் கிராமிய இசையிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் சாயல் தெரிவதை, இப்போது கிளம்பிய மோகம் என்று இசைப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். இந்த உறவுக்கு 40 வயதுக்கு மேல் ஆகிறது. தி டில்ஸ் என்ற கலிஃபோர்னியா பங்க் குழுவில் இருந்த கின்மன் சகோதரர்கள், ரேங்க் அண்ட் ஃபைல் என்ற பெயரில் 1982-லேயே 'சன்டவுன்' தொகுப்பைக் கொடுத்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸின் எக்ஸ் என்ற பங்க் குழுவினர் கிட்டார் கலைஞர் டேவ் ஆல்வினைச் சேர்த்துக்கொண்டு தி நிட்டர்ஸ் ஆனார்கள். அவர்களுடைய முதல் தொகுப்பு 1985-ல் வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து மீகான்ஸ் குழுவின் 'ஃபியர் அண்ட் விஸ்கி' தொகுப்பு. 1994-ல் சிகாகோவில் தொடங்கிய பிளட்ஷாட் ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் இந்தக் கலப்பை நம்பியே கடை விரித்தது.

வரலாற்றைவிட எனக்கு உறுத்தியது அளவுகோல்தான். கௌபாய் தொப்பி, பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம், மூக்கால் பாடும் குரல் இவற்றை வைத்து கன்ட்ரியை எடைபோட்டிருந்தீர்கள். இரண்டு இசையும் ஒட்டுகிற இடம் டிரம்ஸில் இருக்கிறது. மேசையில் வலது, இடது, வலது, இடது என்று சீராகத் தட்டுங்கள். ஒவ்வொரு நான்கிலும் மூன்றாவது தட்டை மட்டும் ஓங்கித் தட்டுங்கள்; முதல் தட்டோடு காலையும் தரையில் வையுங்கள். கன்ட்ரியின் 'ட்ரெயின் பீட்' இதுதான். இப்போது மெல்லிய தட்டுகளை எல்லாம் நிறுத்திவிட்டு, காலையும் அந்த ஓங்கிய தட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுங்கள். பங்க் தாளம் வந்துவிடும். எலும்புக்கூடு ஒன்றேதான்.

கெட்டுப்போவதும் இங்கேதான். ஒரு அடிக்கு நான்கு தட்டு என்பதால், நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஸ்னேரில் (கையால் வாசிக்கும் சிறிய டிரம்) நொடிக்கு 8 தட்டு விழுகிறது. 160-க்குப் போனால் கிட்டத்தட்ட 11. அந்த வேகத்தில் கை இறுகி, மெல்லிய தட்டும் ஓங்கிய தட்டும் ஒரே பலத்தில் விழத் தொடங்கும். தாளம் போய் வெறும் சடசடப்பு மிஞ்சும். டிரம்மர் சரியாக வாசித்தாலும், ஸ்னேர் மீது கம்ப்ரெஸரை (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) அழுத்திப் போட்டால் மெல்லிய தட்டுகள் மேலே ஏறிவந்து அதே கோளாறு. ரிவர்ப் கூடினாலும் தொல்லை: 120 வேகத்தில் இரண்டு தட்டுக்கு நடுவே இருப்பது 125 மில்லிசெகண்ட், அதைத் தாண்டி இழுபடும் எதிரொலி அடுத்த தட்டை மூடிவிடும். சிறிய அறையில், எதிரொலி அதிகம் இல்லாமல் பதிவான மலிவான பதிவுகள் பல நேரம் பெரிய ஸ்டூடியோ பதிவுகளைவிடத் தெளிவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது கிட்டார். டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போட்ட கிட்டாரில் பங்க் குழுக்கள் சட்ஜம், பஞ்சமம் இரண்டை மட்டும் பிடிப்பது சோம்பலால் அல்ல. நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால், கிட்டாரின் சம இடைவெளி சுருதியில் அது இயல்பான இடத்தைவிட சுமார் 14 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரத்தானங்களுக்கு இடையிலான தூரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தள்ளி நிற்கும். பஞ்சமம் 2 சென்ட்தான் விலகும். டிஸ்டார்ஷன் அந்த விலகலைப் பெருக்கிக் கொரகொரப்பாக்கிவிடும். கன்ட்ரியின் இனிமையோ காந்தாரத்தில்தான் இருக்கிறது. அதனால் ஒரு கிட்டார் முரட்டுத்தனமாக இரண்டு ஸ்வரத்தோடு நிற்க, பெடல் ஸ்டீலோ (மிதிகளால் சுருதியை வளைக்கும், படுக்கவைத்து வாசிக்கும் கிட்டார்) ஃபிடிலோ (வயலின்) டிஸ்டார்ஷன் இல்லாமல் காந்தாரத்தைச் சொல்வதுதான் நல்ல ஏற்பாடு. இரண்டையும் டிஸ்டார்ஷனில் முக்கி எடுத்தால் எந்தக் கருவி என்றே தெரியாது. வட கரோலினாவின் சாரா ஷூக் அண்ட் தி டிஸ்ஆர்மர்ஸ் 2024-ல் வெளியிட்ட 'ரெவலேஷன்ஸ்' தொகுப்பில் பெடல் ஸ்டீலையும், டெக்சாஸின் வேண்டோலியர்ஸ் பாடல்களில் ஃபிடிலையும் ட்ரம்பெட்டையும் இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

விமர்சனம் எழுதும்போது வெளியீட்டின் வடிவத்தையும் குறிப்பிடுங்கள். சி-30 கேசட் என்றால் பக்கத்துக்கு 15 நிமிடம். 7 அங்குல இசைத்தட்டு நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் பக்கத்துக்குச் சுமார் 5 நிமிடம்தான் தாங்கும். அதற்குமேல் திணித்தால் ஒலி அளவைக் குறைத்துத்தான் தட்டின் பள்ளங்களை வெட்ட வேண்டும், கீறல் சத்தம் மேலே வரும். அமெரிக்காவிலிருந்து இசைத்தட்டு வரவழைத்தால் தபால் செலவு தட்டின் விலையையே தாண்டிவிடுவதுண்டு. நம் வாசகர்களுக்குக் கட்டுப்படியாவது குழுக்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் ஃப்ளாக் (தரம் குறையாத டிஜிட்டல் ஒலி) கோப்பாக வாங்குவது. டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவீதம். 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' என்று அறிவிக்கும் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் எடுப்பதில்லை. அந்தத் தேதிகளை முந்தைய வாரமே இசைப் பக்கத்தில் ஒரு வரியில் போட்டால், வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் கூடுதல் பங்கு குழுவுக்குப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரியும் வாசகர்,
சென்னை