அமெரிக்காவின் டர்ஹாமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் தினசரி காலண்டரும் செல்வி அக்கா மூலம் போன வாரம் வந்து சேர்ந்தன. அட்டையில் முருகர் கொஞ்சம் மடங்கிவிட்டார், மற்றபடி நலம். "சிவகாசியில் கேட்கிறவர்களுக்கு உன் வேலையை என்னவென்று சொல்வது" என்று கேட்டிருந்தீர்கள். ஃபோனில் ஆரம்பித்தால் அம்மா நடுவில் சாப்பாட்டைக் கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

சரி, முதலில் அம்மாவுக்கு: சாப்பிடுகிறேன். புளிக்காய்ச்சல் இன்னும் இருக்கிறது, சின்ன ஸ்பூனால் எடுத்தால் பங்குனி வரை வரும். இந்த ஊரில் பனி குறைவு, மழைதான் விழுந்தவுடன் உறைந்து கிளைகளை முறிக்கிறது, கரண்டும் போய்விடுகிறது. ஹீட்டரை நான் குறைத்துத்தான் வைக்கிறேன், கூட்டினால் தோல் வறண்டுபோகிறது. கீழ்வீட்டுத் தாத்தா ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் தள்ளுபடி கூப்பன்களை அளவெடுத்த மாதிரி வெட்டி என் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போவார். பேசவே மாட்டார், நாய் உணவுக் கூப்பன்கூட வரும். அவர் மனசு நோகக் கூடாதே என்று அந்தக் கூப்பன் இருக்கும் சாமான்களாகவே வாங்குகிறேன்.

இனி வேலை. ஜே. வால்டர் தாம்ப்சன் என்ற விளம்பர ஏஜென்சியின் பழைய கோப்புகள் எங்கள் டியூக் பல்கலைக்கழக லைப்ரரியில் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து, படித்து, பட்டியல் போடுவதுதான் என் வேலை. ஆரம்பத்தில் விளம்பர ஏஜென்சிக்காரர்களெல்லாம் உங்களைப் போல ஆர்டர் பிடிக்கிற ஏஜென்டுகள்தான் அப்பா. பேப்பரில் இடம் பிடித்துக் கொடுப்பார்கள், கமிஷன் பேப்பர்காரனிடமிருந்து வரும், போகப்போக அது 15 சதவீதம் என்று நிலைத்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு இளவட்டம் 1869இல் 250 டாலர் முதலோடு ஏஜென்சி திறந்து, பெரியவர் பெயர் இருந்தால்தான் நம்புவார்கள் என்று அப்பா பெயரையே போர்டில் போட்டான். என்.டபிள்யூ. அயர் அண்ட் சன். நம் ஊர் ஆள் செய்கிற வேலை!

விளம்பரத்தில் வரும் வாசகத்தை ஏஜென்டு எழுதுவது என்ற வழக்கமே பெரும்பாலும் அப்போது கிடையாது, சரக்குக்காரன் கொடுத்ததை அப்படியே போடுவார்கள். 1900க்குப் பிறகுதான் எழுதத் தெரிந்தவர்கள் கை ஓங்கியது. சிகாகோவில் லார்ட் அண்ட் தாமஸ் ஆபீசுக்கு 1904இல் கென்னடி என்பவர் கீழிருந்து ஒரு சீட்டு அனுப்பினாராம், விளம்பரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்று. விற்பனையாளன் நேரில் வந்து பேசுவதை அச்சில் செய்வதுதான் விளம்பரம், இதுதான் அவர் சொன்ன பதில். அங்கே அப்போது லாஸ்கர் என்று ஒருவர், 18 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், கென்னடியை அப்படியே வேலைக்குப் பிடித்துப் போட்டார். அடுத்து வந்த ஹாப்கின்ஸ் விளம்பரத்தோடு கூப்பன் சேர்த்து, எந்த வாசகத்துக்கு எத்தனை கூப்பன் திரும்பி வருகிறது என்று எண்ணிப் பார்த்தே எழுதினார். ஒரே வருடத்தில் 1,85,000 டாலர் சம்பாதித்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆக, கீழ்வீட்டுத் தாத்தாவின் கத்தரிக்கோலில் இவருக்கும் பங்கு உண்டு.

எனக்கு இவர்களைவிட ஹெலன் லான்ஸ்டௌனைத்தான் பிடிக்கும். தாம்ப்சன் ஏஜென்சியில் வுட்பரி சோப்புக்கு, தொட ஆசைப்படும் சருமம் என்ற பொருளில் 1911இல் எழுதியவர். பெண்கள் வாங்கும் சாமானுக்குப் பெண்களே எழுதட்டும் என்று தனிப் பிரிவே நடத்தினார். அவர் கணவர் ரீசர் கூட்டாளிகளோடு சேர்ந்து 1916இல் ஏஜென்சியை 5,00,000 டாலருக்கு வாங்கினார், 1878இல் அதையே வாங்கத் தாம்ப்சன் கொடுத்த விலை வெறும் 500. ஆனால் எல்லாவற்றையும் நான் மெச்சவில்லை. வாய் நாறுகிறது, சருமம் கெட்டுவிட்டது என்று பயமுறுத்தி விற்கும் பழக்கமும் இவர்கள் காலத்தில்தான் ஊன்றியது. வாட்சன் என்ற மனவியல் பேராசிரியரை 1920இல் அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் வெளியே அனுப்பியதும் இந்த ஏஜென்சிதான் எடுத்துக்கொண்டது. பம்பாயில் 1929இலேயே கிளை போட்டார்கள்.

நேற்று ஒரு பெட்டியில் கலர் ப்ரூஃப் தாள்கள் இருந்தன. ஓரத்தில், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்க்கப் போடும் அந்தக் கூட்டல் குறி, அதில் சிவப்பு லேசாக விலகியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "ச்சு" கொட்டுவீர்களே, அதைக் கேட்டே தீர வேண்டும் போல இருந்தது அப்பா. பழைய காகிதத்தில் ஈரம் படக் கூடாது என்பதால் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். இங்கே தூசி அதிகம், அதனால்தான்.

பொங்கல் கழித்துத் தருகிறேன் என்ற பிரஸ்காரர் கமிஷனைக் கொடுத்தாரா? வாய் வார்த்தையை நம்பாமல் எழுதி வாங்குங்கள். இந்த மாதம் பணம் குறைந்ததற்கு பேங்கில் ஏதோ கட்டணம் காரணம், கோடையில் லைப்ரரியில் கூடுதல் நேரம் கேட்டிருக்கிறேன், சரியாகிவிடும். சின்ன அத்தை நகையை அதற்குள் மூழ்க விடாதீர்கள், வட்டியையாவது கட்டிவிடுங்கள். தம்பி டிசைன் படிக்கிறேன் என்றால் தடுக்க வேண்டாம். காலண்டர் மாதிரி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவது உங்களோடு போகட்டும், ஆடிப்பெருக்குக்கு வரும் புது ஆல்பத்தில் இரண்டு டிசைனாவது அவனைப் போடச் சொல்லுங்கள். மதுரையில் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிய பிறகு எனக்கு எழுதுங்கள், வாங்காமல் எழுத வேண்டாம்.

உங்கள் மகள்