சக்கர மூடி மாட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள சேகருக்கு,

மூன்று மாதமாக உனக்குப் பதில் போடாமல் இருந்தது பெரிய தப்பு. கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் சுகம். வசந்தாவுக்கு முழங்கால் தேவலை, மாடி ஏறுகிறாள். மணிக்கு நீயே ஒரு போன் போடு. அவன் கோபம் உன்மேல்தான், என்மேல் இல்லை.

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் மோட்டார்ஹோமுக்கு ஸ்டெயின்லெஸ் வீல் கவர் செட் வந்திறங்கிவிட்டது, சனிக்கிழமை மாட்டப்போகிறாய். ஹாஸ்டலில் அந்தப் பழைய புல்லட்டைத் துடைத்துத் துடைத்தே தேய்த்தவனாயிற்றே! நல்லா இருக்கும்டா, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாலு மூடிக்கு அடியில்தான் உன் குடும்பம் முழுக்க ஓடுகிறது. அதனால் பொறுமையாகப் படி.

உன்னுடையது ஃபோர்டு இ-450. 16 அங்குல இரும்புச் சக்கரம், எட்டு ஸ்டட் (நட்டு ஏறும் மரை போட்ட கம்பி), பின்னால் இரட்டை டயர். உன் செட்டில் ஒவ்வொரு மூடியிலும் எட்டு நட்டு தெரிகிறதே, அதில் ஆறு வெறும் அலங்காரம். எதிரெதிரே இருக்கும் இரண்டுதான் மூடியைப் பிடிக்கிறவை. அந்த இரண்டு இடத்தில் வண்டியின் சொந்த நட்டைக் கழற்றிவிட்டு, செட்டோடு வந்த நீள நட்டைப் போட வேண்டும். அதன் வெளிமுனையில்தான் மூடி உட்காரும்.

இங்கேதான் கவனம். மூடியின் தகடோ, கிளிப்போ, வாஷரோ, எதுவும் நட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போகக்கூடாது. மெல்லிய தகடு ஓட ஓட நசுங்கும். நசுங்கினால் நட்டின் பிடி தளரும், பிடி தளர்ந்தால் சக்கரம் ஆட ஆரம்பித்து ஸ்டட்டையே அறுக்கும். நீள நட்டின் அடிப்பக்கத்தையும் பார். கழற்றிய நட்டில் தனியாகச் சுழலும் தட்டை வாஷர் இருந்தால், புதியதிலும் அதே மாதிரி தட்டை அடி இருக்க வேண்டும். கூம்பு அடி உள்ளதைத் தட்டையான இடத்தில் போட்டால் ஓரத்தில் மட்டும்தான் ஒட்டும். அப்படி வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பு, யோசிக்காதே.

ஜாக்கி வேண்டாம். சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, கட்டை வை. ஒரு நேரத்தில் ஒரே நட்டு. ஒன்றைக் கழற்றி, ஸ்டட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, புதியதைப் போட்டு முழுசாக இறுக்கின பிறகுதான் எதிரில் உள்ளதைத் தொடணும். 9/16 அங்குல, அங்குலத்துக்கு 18 மரை உள்ள ஸ்டட் என்றால் இறுக்க வேண்டிய அளவு 140 பவுண்டு-அடி, அதாவது 190 நியூட்டன் மீட்டர். உன் வண்டி பிந்தைய வருஷம் என்றால் வண்டியின் கையேட்டைப் பார், எண் மாறியிருக்கலாம். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஆரம்பிக்காதே, டயர் கடையில் நட்டு முடுக்கும் காற்றுத் துப்பாக்கியைக் கிட்டவே கொண்டு போகாதே. வாஷர் நட்டில் வாஷருக்கும் நட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சொட்டு என்ஜின் ஆயில். மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது. மரையில் எண்ணெய் பட்டால், ரெஞ்ச் 140 காட்டினாலும் ஸ்டட் அதைவிட அதிகமாக இழுபட்டிருக்கும். கடைசியில் எட்டையும் குறுக்கும் நெடுக்குமாக ஒரு தடவை சரிபார். 100 மைல் ஓடியதும் மூடியைக் கழற்றித் திரும்ப இறுக்கு. அதைத் தள்ளிப்போடாதே.

மூடி ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நின்றால், ரிம் ஓரத்தில் பேலன்ஸ் ஈய எடை மாட்டியிருக்கும். அடித்து உட்காரவைக்கப் பார்க்காதே. டயர் கடையில் அதை எடுத்துவிட்டு உள்பக்கம் ஒட்டும் எடை போடச் சொல். இடைவெளியோடு ஓட்டினால் கீச்சு கீச்சென்று சத்தம் வரும், தகடு ரிம் பெயிண்டைத் தின்னும், மிச்சிகனில் பனிக்காகச் சாலையில் போடும் உப்புக்கு அந்த இடத்தில் துரு பிடிக்கும்.

எனக்கு உண்மையான கவலை வால்வுதான். பின்னால் இரட்டை டயரில் உள்பக்கம் இருக்கும் உள்டயரின் வால்வை வெளியே கொண்டுவர, கம்பி பின்னிய நீட்டுக் குழாய் செட்டிலேயே வந்திருக்கும். அது வேண்டாம் சேகர். அந்தக் குழாயை மாட்டினாலே டயரின் சொந்த வால்வு ஊசி எப்போதும் அமுங்கித் திறந்தபடி இருக்கும். குழாய் மூடியின் ஓட்டை ஓரத்தில் உரசி ஒரு துளி விட்டால் நேரே டயர் காற்றே போகிறது. உள்டயர் இறங்கினால் வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியாது, பக்கத்து டயர் சுமையைத் தாங்கி வண்டியை நிமிர்த்தியே வைத்திருக்கும். இரண்டின் சுமையை ஒன்று சுமந்து சூடாகி, நெடுஞ்சாலையில் வெடிக்கும். டயரைப் பிரித்து, ஒரே துண்டான நீண்ட பித்தளை வால்வு போடு. செலவுதான், பரவாயில்லை. ஓட்டையைத் தொடாமல் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, ரப்பர் பிடிப்பு வை. மூடியின் ஓட்டைகள் சக்கரத்தின் ஓட்டைகளுக்கு நேராக இருக்கணும். பிரேக் சூடு போவதும் அது வழியாகத்தான்.

நடு அச்சு மூடி சின்ன வேலை. முன்னால் கிரீஸ் மூடியை அது அழுத்தக்கூடாது. பின்னால் அச்சுத் தட்டின் போல்ட்டுகளைச் சுற்றி எண்ணெய் ஈரம் இல்லை என்று துடைத்துப் பார்த்துவிட்டு மாட்டு. மாட்டின பிறகு கசிவு வெளியே தெரியாது. நட்டிலிருந்து கோடு கோடாக ஒழுகும் துருக்கறையும் அப்படித்தான். தளர்ந்த நட்டு காட்டும் முதல் அடையாளம் அது, அதையும் இந்த மூடி மறைத்துவிடும். ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்னாலும் நாலையும் கழற்றிப் பார்.

அந்த நீள நட்டுக்கான தனி சாக்கெட்டை வண்டியிலேயே, கிளவ் பெட்டியில் போட்டு வை. வழியில் பஞ்சரானால் உதவிக்கு வருகிறவனிடம் அது இருக்காது.

வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் நீள நட்டின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. என் பதில் வரும்வரை ஒரு நட்டையும் தொடாதே. மீனாவிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராஜு