சேலம் அம்மாபேட்டைக் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு அறை: நன்கொடை வேண்டுகோள்

தெரு மக்கள் அனைவருக்கும், வெளியூரில் இருக்கும் நம் சொந்தங்களுக்கும் வணக்கம்.

ஆடிப் பண்டிகையில் வண்டி வேடிக்கை பார்க்க நம் தெருவே கண் விழித்துக் காத்திருக்கிறது. சாமி வேடம் போட்டவர்கள் வண்டியில் வர, மூன்று வயதுப் பிள்ளை அப்பா தோளில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்க்கிறது. அந்த இராத்திரியில் எந்தப் பிள்ளையும் செல்போன் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. பார்க்க ஒன்று இருக்கிறது, கூட ஆளும் இருக்கிறது, அதுவே போதுமாக இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் அதே பிள்ளை, செல் கொடுத்தால்தான் சோறு என்கிறது.

இதற்குப் பெற்றவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் குழுவிலேயே பாதிக்கு மேல் தறிக்காரர்கள். நாடா ஓடும்போது பிள்ளை தறிக்குழிப் பக்கம் வரக் கூடாது, பாவு நூலில் கை வைக்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு எதைக் கையில் கொடுப்பது? காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டி எடுத்த பிறகு தெரு பிள்ளைகளுடையதாக இருந்தது ஒரு காலம். இன்று இரண்டு பக்கமும் பைக் நிற்கிறது. 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சரி, செல்லை வாங்கி வைத்துவிடலாம். அப்புறம் என்ன செய்வது என்பதுதான் எல்லா வீட்டிலும் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் போன மே மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்தோம். காசு போட்டு எதுவும் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி மடியில் கொஞ்சம் புளியங்கொட்டை கொண்டுவந்தார். திண்ணைக் கல்லில் சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு கொட்டையையும் ஒரு பக்கம் மட்டும் தேய்த்தார். பழுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரியும் வரை பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொன்று பிடுங்கித் தேய்க்க ஆரம்பித்தார்கள். நான்கு கொட்டையைக் குலுக்கிப் போட்டால் ஒன்று மட்டும் வெள்ளையாக விழுந்தால் தாயம். தரையில் சாக்பீஸ் கட்டம். அன்று விளக்கு வைக்கும் நேரம் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 முத்து. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், பள்ளியில் கணக்கென்றால் அழுகிறவன், எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று விரல் வைக்காமல் கண்ணாலேயே எண்ணினான். குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அதற்குப் பெயர் பசு. அப்படிச் சேர்ந்ததும் “பசு!” என்று அவன் கத்திய சத்தம் தெருமுனை வரை கேட்டது. அவன் அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். இந்த வேண்டுகோளை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு சத்தத்தினால்தான்.

ஆனால் திண்ணை எட்டுப் பேருக்குத்தான் கொள்ளும். கடைசி வாரம் இருபது பேருக்கு மேல் வந்தார்கள், பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

முன்பு நூல் மூட்டை அடுக்கிவைத்த பொது அறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. தெருப் பெரியவர்கள் அதைப் பிள்ளைகளுக்குத் தரச் சம்மதித்துவிட்டார்கள். ஓட்டுக் கூரை ஒழுகுகிறது. அதைச் சரிசெய்ய ரூ.22,000, சிவப்புச் சிமெண்ட் தரைக்கு ரூ.9,000, விளக்கும் மின்விசிறியும் ரூ.7,500, பல்லாங்குழிப் பலகை, பம்பரம், சாட்டை, ஸ்கிப்பிங் கயிறு போன்றவற்றுக்கு ரூ.3,500. மொத்தம் ரூ.42,000. தெருவிலேயே ரூ.17,500 சேர்ந்துவிட்டது. இன்னும் ரூ.24,500 வேண்டும். தரை காயும் முன்பே ஆடுபுலி ஆட்டம், தாயம், பரமபதம் மூன்றுக்கும் கட்டம் கீறிவிடச் சொல்லியிருக்கிறோம். பலகை தொலையாது, கிழியாது. மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் கூழாங்கல் போதும். அறை தயாரான பிறகு மின்கட்டணம் தவிரப் பெரிய செலவு கிடையாது, அதைக் குழுவே பார்த்துக்கொள்ளும்.

ஐப்பசி மழைக்கு முன் கூரை வேலை முடிய வேண்டும். அதனால் முதலில் வரும் பணம் முழுவதும் கூரைக்கே போகும்.

பணம் தர முடியாதவர்கள் தயங்க வேண்டாம். பரணில் பாட்டி காலத்துப் பல்லாங்குழியோ, பித்தளைத் தாயக்கட்டையோ, சோழியோ இருந்தால் கொடுங்கள். மஞ்சாடி முத்து கொண்டுவரலாம். குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம்: பார்க்க அழகு, மென்று விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. சின்னக் கொட்டைகள் தொண்டையில் சிக்கும் என்பதால் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் களிமண்ணும் பனையோலைக் காற்றாடியும் தனியாக வைக்கப்போகிறோம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு வேண்டியது ஆள். ஐந்தாங்கல்லில் ஒரு கல்லை மேலே எறிந்து அது விழுவதற்குள் மற்றதை அள்ளும் கை இன்னும் எத்தனை பேருக்கு இருக்கிறது? இருப்பவர்கள் வாரத்தில் ஒரு சாயங்காலம் வாருங்கள். புள்ளிக் கோலம் தெரிந்தவர்கள், பம்பரத்துக்குச் சாட்டை சுற்றத் தெரிந்தவர்கள், கதை சொல்கிறவர்கள் எல்லாரும் வரலாம். பறவைகளைப் பற்றித் தெரிந்தவர் யாராவது கிடைத்தால் மாதம் ஒரு ஞாயிறு காலை கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசை. பஸ் காசும் ஒரு தூக்குப் புளிச்சோறும் போதும்.

பத்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை மாதம் முதல் ஞாயிறு அறைக் கதவில் ஒட்டுவோம். ஒவ்வொரு ஞாயிறும் மாலை 4 முதல் 6 மணி வரை குழுவில் இருவர் அங்கேயே இருப்போம். வரும்போது பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள், திண்ணையில் இன்னும் ஆட்டம் நடக்கிறது.