புதன்கிழமை இரண்டு மணிக் காட்சி

பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பியதைப் படித்தேன். உடனே பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. போனில் இவ்வளவு நீளத்துக்குத் தட்ட எனக்கு வராது, அதனால் உன் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். (சின்ன வயதில் உன்னைப் பாப்பா என்று கூப்பிட்டால் உன் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்களே, பிரெஞ்சில் பாப்பா என்றால் அப்பா ஆயிற்றே, உங்க அம்மா ஏன் உன்னை அப்பா என்கிறாள் என்று. இப்போதும் வேறு பேர் வாயில் வரவில்லை.)

நாலு வருஷம் ஆங்குலேம் ஊர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வரைந்த பொம்மைப்படம் இரண்டாவது வாரமே பாதித் தியேட்டர்களை விட்டுப் போய்விட்டது, யாரும் பார்க்கவில்லை, பேசாமல் மினியன்ஸ் செய்கிறார்களே அந்த மாதிரிப் பாரிஸ் ஸ்டூடியோ ஒன்றுக்கே போய்விடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போவதானால் போ. வேலையில்லாத மாதங்களுக்குப் படி கிடைக்க வருஷத்துக்கு 507 மணி நேர வேலை சேர்ந்ததா இல்லையா என்று நீ விரல் விட்டு எண்ணுவதை நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், அதுவும் ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் ஆர்டரைக் குறைத்ததிலிருந்து உன் சிநேகிதிகளில் பாதிப்பேர் வீட்டில் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் கேட்பது தப்பா என்ன? ஆனால் யாரும் பார்க்கவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. இருபத்திரண்டு வருஷமாக டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். உனக்குப் படம் வரையத் தெரியும், யார் பார்க்க வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

உன் படத்துக்கு எங்கள் முனிசிபல் தியேட்டரில் யார் வந்தார்கள் தெரியுமா? பாட்டிகள். புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் கிடையாது, அம்மா அப்பா வேலைக்குப் போயிருப்பார்கள், பாட்டி இரண்டு பேரக் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மணிக் காட்சிக்கு வருவாள். புதுப்படம் புதன்கிழமை வருவதே அதனால்தானே. 1972-இல் பள்ளி விடுமுறையை வியாழனிலிருந்து புதனுக்கு மாற்றினார்கள், படங்களும் பின்னாலேயே வந்துவிட்டன. ஆனால் அந்தப் பாட்டி தரும் காசைக் கணக்குப் பார். பதினாலு வயதுக்குக் கீழே என்றால் 4 யூரோ என்று 2014-இல் வைத்தார்கள். அதில் வாட் 5.5 சதவீதம், சி.என்.சி என்கிற அரசு சினிமா நிறுவனத்தின் வரி 10.72 சதவீதம், மிச்சத்தில் எங்களுக்கும் விநியோகஸ்தருக்கும் ஏறக்குறையப் பாதிப்பாதி, விநியோகஸ்தர் போஸ்டர் செலவை எடுத்த பிறகுதான் உங்கள் தயாரிப்பாளர் பக்கம் ஏதாவது நகரும். பார்க்கிறவனுக்குப் பத்து வயது என்பதால் ஒரு நொடிக்கு 24 பிரேம் 12 பிரேமாகிவிடுமா? பெரியவர்கள் படத்துக்கு ஒரு சீட்டில் கிடைப்பது உங்களுக்கு இரண்டு சீட் நிறைந்தால்தான் கிடைக்கும். கூட்டம் நிறைந்த ஹாலைக் காட்டி, பிறகு ஏன் காசு வரவில்லை என்று உன் அப்பா கேட்பாரே, இதுதான் பதில்.

அந்த 10.72 இருக்கிறதே, அதைப் பற்றி ஸ்டூடியோவில் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள், ஆனால் கவுண்டரில் அது வேறு மாதிரித் தெரியும். மினியன்ஸ் படத்துக்கு வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது நான் கிழிக்கிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் அந்தப் பங்கு பொதுப் பானைக்குப் போகிறது. பானையிலிருந்து எடுப்பது இங்குள்ள தயாரிப்பாளர்கள். அதாவது நீ வரைந்த படத்துக்கு அந்த மஞ்சள் பிசாசுகளும் கொஞ்சம் படியளந்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் அவர்களைச் செய்ததும் இதே பாரிஸில் உட்கார்ந்த பிள்ளைகள்தான், குரல் கொடுத்தவரே பிரெஞ்சு இயக்குநர் பியர் கொஃபான், இருந்தும் கணக்கில் அது அமெரிக்கப் படம்.

சரி, பார்க்க வரும் கூட்டத்தைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். பொம்மைப்படம் எதற்கும் கவுண்டரில் முதலில் வரும் கேள்வி கதை என்ன என்பதில்லை, "எத்தனை வயதிலிருந்து?" மூன்று, ஆறு, எட்டு என்று ஒரு எண்ணைச் சொன்னால் பர்ஸ் திறக்கும். எண் இல்லாத படத்துக்கு, அதாவது பெரியவர்களுக்கான பொம்மைப்படத்துக்கு, இரவு எட்டரைக் காட்சியில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன். 2007-இல் மர்ஜான் சத்ரபியின் பெர்செபொலிஸ் வந்தபோது அப்படி இல்லை, பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் பார்த்தார்கள், ஆனால் அந்தக் கதை முன்பே புத்தகமாக வீடு வீடாகப் போயிருந்தது, கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசும் கிடைத்திருந்தது. ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸ் படத்துக்கும் அப்படித்தான், 2014-இல் வந்ததற்கு முப்பது லட்சம் பேர் அளவுக்கு வந்தார்கள், போஸ்டர் ஒட்டாவிட்டாலும் வந்திருப்பார்கள். உன் படத்தின் போஸ்டரைப் பார்த்தேன். அழகு. வயதும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. பாட்டி என்ன செய்வாள்?

1998 டிசம்பரில் கிரிக்கூ என்ற குட்டிப் பையனின் பொம்மைப்படம் வந்தபோது உனக்கு மூன்று வயது, மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். லாத்வியா, ஹங்கேரி, பெல்ஜியம், லக்சம்பர்க் என்று நாடு நாடாகக் காசும் கையும் கேட்டுச் சேர்த்த படம். ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண்களின் மார்பை மூடச் சொல்லி இயக்குநர் மிஷேல் ஓஸ்லோவை எவ்வளவோ நெருக்கினார்கள், மனுஷர் அசையவில்லை. குறைந்த பிரதிகளோடு ஆரம்பித்தது, ஒரு டீச்சர் இன்னொரு டீச்சருக்குச் சொல்லி, ஒரு அம்மா இன்னொரு அம்மாவுக்குச் சொல்லி, பத்து லட்சத்தைத் தாண்டிப் போனது. அதற்கு முன்பு வீட்டில் ஒரு பொம்மைப்படக்காரி வருவாள் என்று நான் நினைத்ததுகூட இல்லை. நீ வீட்டுச் சுவரில் கரியால் கிரிக்கூ வரைந்து என்னிடம் அடி வாங்கினாய். அந்த அடிக்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைக்கு அப்படி மெதுவாக வளர இடமில்லை என்பாய். புதன்கிழமை முதல் காட்சிக் கணக்கை வைத்தே திங்கட்கிழமை தலையெழுத்தை எழுதிவிடுகிறார்கள், உண்மைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்கள் தியேட்டருக்கு வந்து பார். 1994-லிருந்து ஆரம்பப் பள்ளிகளுக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது, வகுப்பாகக் கூட்டிக்கொண்டு வருவார்கள், குளிர்காலமானால் கோட்டு மலைபோல் குவிந்து கிடக்கும். போல் கிரிமோவின் "அரசனும் பறவையும்" படத்தை அப்படி எத்தனை வகுப்புகளுக்கு ஓட்டியிருக்கிறோம்! 1953-இல் அவர் சம்மதமில்லாமல் அரைகுறையாக வெளியிட்டார்கள், அவர் 1967-இல் உரிமையைத் திரும்ப வாங்கி, காசு சேர்த்து, முடித்துக் காட்டியது 1980-இல். முதல் வாரக் கணக்கு பார்த்தால் அந்த மனுஷர் என்ன ஆகியிருப்பார்? பள்ளி டிக்கெட் சில்லறைக் காசுதான், உன் வாடகைக்கு ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் இருட்டில் ஒரு ஹால் முழுக்கப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும் சத்தம் உனக்குக் கேட்டதில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றே கேட்டிருக்கிறேன், உன் படத்துக்கும், அந்தப் பாலம் உடைகிற இடத்தில்.

அப்புறம், உன்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்துவிட்டேன். எங்கள் புரோகிராமரிடம் பேசி அக்டோபர் விடுமுறையில் உன் படத்துக்கு ஆறு காட்சி வாங்கியிருக்கிறேன், எல்லாம் இரண்டு மணிக் காட்சி, எட்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் மையம் ஒன்று இப்போதே நாற்பத்தேழு இடம் பிடித்துவிட்டது. போனில் அந்தப் பெண் கேட்டது அதே கேள்விதான், எத்தனை வயதிலிருந்து என்று. ஆறு என்றேன். உங்கள் டைரக்டருக்கு அதில் வருத்தமென்றால் மத்தியானம் இரண்டிலிருந்து பத்து மணிவரை நான் கவுண்டரில்தான் இருப்பேன், கூப்பிடச் சொல்.

வரும்போது போஸ்டர் இரண்டு கொண்டு வா. அடுப்படிக்கு ஒன்று.

அம்மா