எந்த லிமிட்டுன்னு அப்புறம் கேளுங்க சார்: காட்டோர ஊர்ல இருந்து ஒரு திறந்த மடல்

காட்டு எல்லைக்கு இந்தாண்டயும் அந்தாண்டயும் பொறுப்புல இருக்கிற அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கமுங்க.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு க்யூல நின்னு இதைக் குடுத்திருக்கலாம்தான், ஆனா அங்க குடுத்தா ஒரு மாவட்டத்தோட நின்னுடும், நான் சொல்ல வந்தது ரெண்டு ஸ்டேட்டுக்கு நடுவுல கிடக்குற சமாச்சாரம், அதான் எல்லாரும் பாக்குற மாதிரி எழுதுறேன். நமக்கு ஊரு கிருஷ்ணகிரி மாவட்டம், அஞ்செட்டி பக்கம். வீட்டுக்குப் பின்னாடி புளியந்தோப்பு, அதுக்கு மேல காடு, அந்தக் காட்டுக்குள்ள எங்கயோ ஒரு இடத்துல தமிழ்நாடு முடிஞ்சு கர்நாடகா ஆரம்பிக்குது. எங்கன்னு எங்க தாத்தாவுக்கும் தெரியாது, யானைக்கும் தெரியாது.

போன பங்குனில நடந்ததை மொதல்ல சொல்லிடுறேன். புளி உலுக்குற சீசன், சாயங்காலம் நாலரை இருக்கும், மாமா மரத்து மேல இருந்து "டேய், மேல பொகைடா"ன்னு கத்துறாரு. நான் யாரோ செத்தை கொளுத்துறாங்கன்னு நெனச்சேன். பத்து நிமிஷத்துல மூங்கில் வெடிக்கிற சத்தம் கேட்டுச்சு, தீபாவளி சரவெடி மாதிரி, அப்பத்தான் வயித்துல புளியைக் கரைச்சுது. உன்னிச்செடி காஞ்சு கிடக்குற காடு சார் அது, ஒரு பொறி போதும். எங்க ஊர்ல சிக்னல் ஒரே ஒரு பாறை மேலதான் வரும், டவர் கல்லுன்னே அதுக்குப் பேரு, அதுல ஏறி ஒரு நம்பருக்கு போட்டேன். மூணாவது தடவை எடுத்தாங்க. "எந்த லிமிட்டு?" ன்னாங்க. மலைக்கு அந்தச் சரிவுலன்னு சொன்னேன், அது எங்க லிமிட் இல்லப்பான்னு வச்சுட்டாங்க. அந்தாண்ட ஊர்ல சொந்தக்காரப் பையன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட வேற நம்பர் வாங்கி போட்டேன். "யாவ லிமிட்டு?" ன்னாங்க. கேள்வி ஒன்னுதான், பாஷை மட்டும் வேற. எந்த ஆபீஸ், யாரு எடுத்தாங்கன்னு இங்க எழுதல, ஒருத்தர் வேலைக்கு வேட்டு வைக்கிறது என் நோக்கம் இல்ல.

அணைக்கப் போனது நாங்க ஏழெட்டு பேரு, கூட வனத்துறை வாட்ச்சருங்க ரெண்டு பேரு. ஒருத்தர் கையில லீஃப் ப்ளோயர், அதான் காஞ்ச இலையை ஊதித் தள்ளுற மெஷின், இருந்துச்சு, முக்கா மணி நேரத்துல பெட்ரோல் தீந்துடுச்சு. அப்புறம் எல்லாரும் பச்சைக் கொம்பு ஒடிச்சு அடிச்சதுதான், எங்க பாட்டன் காலத்து டெக்னிக். எதிர் தீ வச்சா, அதான் தீ வர்ற வழில இருக்கிற செத்தையை நாமளே முன்னாடி எரிச்சுட்டா, நிறுத்திடலாம்னு மாமா சொன்னாரு, அந்த வாட்ச்சர் அண்ணன் வேணாம்னுட்டாரு, "அந்தப் பக்கம் நம்மளுது இல்லய்யா, அங்க போயி நெருப்பு வச்சா நம்ம மேலயே கேஸாயிடும்" ங்கிறாரு. அவரு சொன்னதும் நெசந்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு அதுவா ஓடைல எறங்கி, கல்லும் மணலுமா இருந்ததால நின்னுச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா அந்த அண்ணனோட ரப்பர் செருப்பு அடிப்பக்கம் உருகி பாறைல அச்சு மாதிரி ஒட்டியிருக்கு. நெருப்பை அணைக்க வந்த மனுஷன் செருப்புல வந்திருக்காரு சார்.

உசுருக்கு ஒன்னும் ஆகல, மாமாவுக்கு கால்ல கொப்புளம் மட்டும். ஆனா எனக்கு அன்னைக்கு தூக்கமே வரல. ஃபோன்ல காட்டுத்தீன்னு தேடினா மஞ்சக் கலர் ப்ளேன் ஒன்னு ஏரில வயித்தை உரசிக்கிட்டுப் போயி தண்ணிய மொண்டுக்கிட்டு மேல ஏறுது. கனடாக்காரன் ப்ளேன், பன்னெண்டு செகண்டுல ஆறாயிரம் லிட்டர். அந்த வீடியோல ஆரம்பிச்சதுதான், அதுக்கப்புறம் எந்த நாட்டுல காடு எரிஞ்சு ஆளுங்க செத்தாலும் வெளியில இருந்து யாரு வந்தா, எப்ப வந்தா, வந்து என்ன பண்ணுனான்னு தேடிப் படிக்கிறதே வேலையாப் போச்சு.

அதுல என்னைத் தூக்கிவாரிப் போட்டது 2010 டிசம்பர்ல இஸ்ரேல்ல கார்மெல் மலைல புடிச்ச தீ. 44 பேரு போயிட்டாங்க, நிறைய பேரு ஜெயில் துறைல ட்ரெய்னிங்ல இருந்தவங்க, ஒரு ஜெயிலைக் காலி பண்ண பஸ்ல போறப்ப நடு ரோட்டுல தீ சூழ்ந்துக்கிச்சு. அவ்ளோ பெரிய ராணுவம் வச்சிருக்கிற நாடு, மேல இருந்து தீயணைக்கிற பெரிய ப்ளேன் அப்ப கிடையாது, தீயை அடக்குற மருந்து ஸ்டாக்கும் தீந்து போச்சு, ஊர் உலகத்தைக் கூப்பிட்டாங்க. வந்தது யாருன்னு பாருங்க. துருக்கி ப்ளேன் அனுப்புது. அதே வருஷம் மே கடைசிலதான் காஸாவுக்குப் போன கப்பல்ல ஏறி இஸ்ரேல் ராணுவம் துருக்கிக்காரங்க 9 பேரைக் கொன்னு, ரெண்டு நாட்டுக்கும் மூஞ்சி குடுத்துப் பேச்சே இல்ல. பாலஸ்தீனத்துல இருந்தும் தீயணைப்பு வண்டியும் ஆளும் செக்போஸ்ட்டைத் தாண்டி வந்து நிக்கிறாங்க. அவங்களுக்குள்ள எந்தச் சண்டையும் அதோட தீந்துடல, இன்னைக்கு நிலைமை என்னன்னு உங்களுக்கே தெரியும். ஆனா அந்த நாலு நாள் எந்த லிமிட்டுன்னு கேக்கல சார்.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம பிலிகுண்டுலுதான் ஞாபகம் வந்துச்சு. கர்நாடகாவுல இருந்து எத்தனை கன அடி தண்ணி வருதுன்னு அங்க தினம் அளக்குறோம், குறைஞ்சா டிவில வருது, கோர்ட்டு வரைக்கும் போறோம். போகணும், அது நம்ம உரிமை, அதுல மாத்துப் பேச்சு இல்ல. அதே எல்லை வழியா நெருப்பு வந்தா மட்டும் அளக்க ஆளில்லாம போறது எப்படிங்க?

வெளிநாட்டு உதவின்னா ப்ளேன் வந்து தண்ணி ஊத்துனா தீ அணைஞ்சிடும்னு நானும் நெனச்சேன், எங்க வாட்ஸ்அப் குரூப்ல பாதிப் பேரு இன்னும் அப்படித்தான் நெனக்கிறாங்க. ப்ளேன் தீயோட வேகத்தை அடக்கும், அவ்ளோதான், கீழ நின்னு ஓரம் கட்டி அணைக்க ஆள் வேணும். அதுவும் நேரத்துக்கு வரணும். கிரீஸ்ல மாட்டின்னு ஒரு கடலோர ஊரு, 2018 ஜூலை 23, மலைல புடிச்ச தீ பேய்க்காத்துல ரெண்டு மணி நேரத்துக்குள்ள கடல் வரைக்கும் வந்துடுச்சு, 104 உயிர். வெளிநாட்டுக்காரங்க கேட்ட உடனே கிளம்பினாங்கதான், ஆனா வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அதுக்கு மொத வருஷம் போர்ச்சுகல்ல பெட்ரோகாவ் கிராண்டே தீல 66 பேரு, பாதிக்கு மேல ரோட்டுல, தப்பிக்கலாம்னு கார் எடுத்துட்டுப் போனவங்க. ஸ்பெயின் பக்கத்து நாடு, ஃபிரான்ஸும் ஒன்னும் தூரம் இல்ல, ப்ளேனெல்லாம் வந்துச்சு. முதல் சாயங்காலத்தை எந்த ப்ளேனாலயும் திருப்பித் தர முடியல.

நமக்கு மட்டும் என்ன, 2018 மார்ச் 11 குரங்கணி மறந்துடுமா? மலையேறப் போன பிள்ளைங்க, கடைசில கணக்கு 23ல போயி நின்னுச்சு. ஏர்ஃபோர்ஸ் ஹெலிகாப்டர் வந்துச்சு, கமாண்டோ வந்தாங்க, ஆனா முதல்ல போயி தீக்காயத்தோட கிடந்தவங்களைத் தூக்கினது அந்த ஊர் சனங்க.

இதுல இருந்து ஐரோப்பாக்காரன் கத்துக்கிட்டதுதான் நான் உங்ககிட்ட கேக்க வந்தது. 2019ல ரெஸ்க்யூன்னு ஒரு ஏற்பாடு ஆரம்பிச்சாங்க, எந்த நாட்டுல எந்த ப்ளேன் நிக்கும், யாரு கூப்பிட்டா கிளம்பும், செலவு யாரு, எல்லாம் முன்னாடியே பேசி முடிச்சு வச்சது. பிரஸ்ஸல்ஸ்ல 24 மணி நேரமும் ஒரு கண்ட்ரோல் ரூம். அதையும் தாண்டி 2022ல இருந்து வெயில் காலம் வந்தா ருமேனியா, பல்கேரியான்னு வேற நாட்டுத் தீயணைப்பு ஆளுங்க கிரீஸுக்கு முன்கூட்டியே வந்து தங்கிடுறாங்க. தீ புடிச்ச அப்புறம் இல்ல சார், புடிக்கிறதுக்கு முன்னாடி. அந்த ஊர் ரோடு, காத்து, தண்ணி எடுக்குற இடம் எல்லாம் பாத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கூட அப்படித்தான், இங்க வெயில்னா அங்க குளிர், அதனால மாத்தி மாத்தி ஆள் அனுப்பிக்கிறாங்க, 2020 ஜனவரில ஆஸ்திரேலியாத் தீயை அணைக்கப் போன ப்ளேன் விழுந்து அமெரிக்காக்காரங்க மூணு பேரு அங்கயே உயிரை விட்டாங்க. போற எடத்துல யாரு தலைவரு, யாரு சொல்றதைக் கேக்கணும்னு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே முறை, அதனால போயி எறங்கினதும் வேலை ஆரம்பிச்சுடுது. நம்ம நாட்டுலயும் 2010லயே தேசிய பேரிடர் ஆணையம் இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்னு, அதான் ஆபத்து நேரத்துல யாரு தலைவரு, யாரு என்ன பண்ணணும்னு, வழிகாட்டு புத்தகம் போட்டிருக்கு. அந்தப் புத்தகம் டவர் கல்லு வரைக்கும் ஏறி வரல.

மலை கடல் எல்லாம் தாண்டி இதைப் பண்றாங்க. நமக்கு நடுவுல இருக்கிறது ஒரு ஓடை. பாஷை தெரியாதுன்னு கூட நம்ம சொல்ல முடியாது, எங்க ஊர்ல சின்னப் பிள்ளையே தமிழ், கன்னடம், தெலுங்கு மூணுலயும் திட்டும்.

சம்பளம் பத்தி ஒன்னு சொல்லணும். 2016ல கனடால ஃபோர்ட் மெக்மரே தீக்கு தென்னாப்பிரிக்காவுல இருந்து சுமார் 300 பேரு பாட்டும் ஆட்டமுமா வந்து எறங்கினாங்க, உலகமே கை தட்டுச்சு. கொஞ்ச நாள்ல வேலையை நிறுத்திட்டாங்க, ஏன்னா தினப்படியா கைக்கு வர்ற காசு ரொம்பக் கம்மி, பக்கத்துல நிக்கிற உள்ளூர் ஆளு வாங்குறது எங்கயோ இருக்கு. திருப்பி அனுப்பிட்டாங்க. நெருப்பு முன்னாடி எல்லாரும் சமம்தான், சம்பளச் சீட்டுல இல்ல. அந்த உருகின செருப்பு அண்ணன் எவ்ளோ வாங்குறாருன்னு கேட்டேன், சிரிச்சாரு, சொல்லல.

இன்னொன்னு, காட்டுக்குள்ள யாரு இருக்காங்கன்னு கணக்கு. 2023 ஆகஸ்ட்ல கிரீஸ்ல எவ்ரோஸ் பக்கம் புடிச்சது ஐரோப்பிய யூனியன்லயே பதிவானதுல பெரிய தீன்னாங்க, பல நாட்டு ப்ளேனும் ஆளும் வந்திருந்தாங்க, அப்படியும் ஒரே நாள்ல 18 பேரோட உடம்பு காட்டுக்குள்ள கிடைச்சுது. எல்லை தாண்டி ஒளிஞ்சு வந்த அகதிங்க. அவங்க உள்ள இருக்காங்கன்னு காப்பாத்தப் போனவங்களுக்குத் தெரியாது. நம்ம காட்டுக்குள்ள பட்டி போட்டு ஆலம்பாடி மாடு மேய்க்கிறவங்க இருக்காங்க, தேன் எடுக்கப் போறவங்க இருக்காங்க. பட்டிக்காரங்க பேரைச் சொன்னாலே அவங்கதானே தீ வைக்கிறாங்கன்னு ஆரம்பிச்சுடுவீங்க. பொய் சொல்ல மாட்டேன், புதுப்புல்லு முளைக்கும்னு வைக்கிறவன் ஒன்னு ரெண்டு பேரு இருக்கான், பீடியைப் போட்டுட்டுப் போறவனும் இருக்கான், ஒகேனக்கல் வந்துட்டு காட்டு ரோட்டுல சமைச்சு சாப்பிட்டுட்டு அடுப்பை அப்படியே விட்டுட்டுப் போற டூரிஸ்ட்டும் இருக்கான். யாரு வச்சாங்கன்னு அப்புறம் புடிங்க, உள்ள எத்தனை பேருன்னு முன்னாடி எழுதி வைங்க.

நான் கேக்குறது ப்ளேன் இல்ல சார். அது வந்தா சந்தோஷம், 2024 மார்ச்ல குன்னூர் பக்கம் எரிஞ்சப்ப சூலூர்ல இருந்து ஏர்ஃபோர்ஸ் ஹெலிகாப்டர் தொட்டி கட்டித் தொங்கவிட்டு தண்ணி ஊத்துச்சு, நமக்கும் பஞ்சப்பள்ளி டேம் இருக்கு, கேஆர்பி டேம் இருக்கு, மொண்டுக்கலாம். (நம்ம பசங்களுக்கும் ஒரு வார்த்தை, அந்த மாதிரி ஹெலிகாப்டர் வர்றப்ப ரீல்ஸ் எடுக்குறேன்னு ட்ரோன் விட்டுறாதீங்கடா, 2025 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ்ல கனடா அனுப்பின ப்ளேன் இறக்கைலயே ஒருத்தன் ட்ரோனை மோதி ஓட்டை போட்டு, ப்ளேன் தரையில உக்காந்துடுச்சு.) நான் கேக்குறது, ரெண்டு பக்கமும் எடுக்குற மாதிரி ஒரே ஒரு நம்பர். கூப்பிட்டா லிமிட் கேக்காம முதல்ல ஆளைக் கிளப்பிட்டு அப்புறம் கணக்குப் பாக்கணும். இந்தப் பக்கத்து வாட்ச்சர் அந்தப் பக்கம் அம்பதடி போயி எதிர் தீ வச்சா கேஸ் வராதுன்னு ரெண்டு பெரிய அதிகாரிங்க கையெழுத்துப் போட்ட ஒரு காயிதம். சேட்டிலைட்ல பாத்து உங்களுக்கு வர்ற தீ எஸ்எம்எஸ்ஸை எல்லைக்கு இந்தாண்ட ஊருக்கும் அந்தாண்ட ஊருக்கும் சேத்து அனுப்புங்க. வாட்ச்சருங்களுக்கு ஷூ. இதெல்லாம் ஏற்கனவே இருக்குன்னா ரொம்ப நல்லது, அதை ஊர்ல வந்து சொல்லுங்க, ஏன்னா டவர் கல்லு மேல நிக்கிறவனுக்கு அது தெரியல.

இப்ப மார்கழி. மாசி பொறந்தா புல்லு காஞ்சிடும், நாங்க புளி மரத்துல ஏறிடுவோம். எங்க ஊர்ல தண்ணி டேங்கர் ரெண்டு இருக்கு, ஒன்னுல மோட்டார் ரிப்பேர், தருமபுரில குடுத்திருக்கோம், பொங்கலுக்குள்ள தர்றேன்னு சொல்லியிருக்காரு. காட்டு ஓரம் வரைக்கும் டேங்கர் போற பாதை, வத்தாத கிணறு எது, ஓடைல தண்ணி எதுவரைக்கும் நிக்கும், எல்லாம் ஒரு நோட்டுல வரைஞ்சு வச்சிருக்கேன். அந்தாண்ட ஊர்ல சொந்தக்காரப் பையனும் அவங்க பக்கத்தை வரைஞ்சுக்கிட்டு இருக்கான், கன்னடத்துல. யாராவது ஒருத்தர் வந்தா ரெண்டு நோட்டையும் குடுத்துடுறோம்.

இப்படிக்கு,
டவர் கல்லு மேல இருந்து ஒரு புளி வியாபாரி
அஞ்செட்டி பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டம்