வாய் வந்து காது வராம கெடந்த லேப்டாப்பும், அத சரி பண்ணிக் குடுத்தவங்களும்

எல்லாருக்கும் வணக்கம். தனித்தனியா நன்றி சொல்லப் போனா யாரையாவது விட்டுடுவேன், அதான் பொதுவுல ஒரே மடலா எழுதுறேன். பேர் போடாதீங்கன்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க, அதனால யார் பேருமே போடல, ஆனா படிச்சா இது நம்மதான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

நடந்தது தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். பழைய லேப்டாப்போட போர்டு செத்துப்போச்சு, அதுல இருந்த எஸ்எஸ்டி டிஸ்க்க கழட்டி புது லேப்டாப்புல மாட்டினேன், டெபியன் 12ங்கற லினக்ஸ்தான் அதுல, ஒண்ணுமே நடக்காத மாதிரி அழகா பூட் ஆச்சு, வைஃபை கூட வந்துடுச்சு, ஆஹா லினக்ஸ்னா லினக்ஸ்தான்னு பெருமையா ஒரு பாட்டு போட்டேன், சத்தமே இல்ல. செட்டிங்ஸ்ல போய் பாத்தா அவுட்புட்ல "டம்மி அவுட்புட்"னு ஒரே ஒரு வரி. அதுக்குப் பேரே டம்மி, அத பாத்ததும் எனக்கு என்னைய திட்டின மாதிரியே இருந்துச்சு.

அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க நான் செஞ்சத வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு. கண்ணுல பட்ட கமாண்ட் எல்லாம் காப்பி பண்ணி டெர்மினல்ல போட்டேன். ஆப்போட சத்தத்த சவுண்டு கார்டுக்கு கொண்டு போற பல்ஸ்ஆடியோவ தூக்கினேன், திரும்பப் போட்டேன், அதே வேலை பாக்கற பைப்வயர பாதி தூக்கினேன், டிரைவருக்கு ஆப்ஷன் எழுதற மாட்ப்ரோப் ஃபோல்டர்ல நாலு ஃபைல் போட்டேன், எது எதுக்குன்னு இப்ப கேட்டா தெரியாது. அந்த நாலுல ஒண்ணு, டிஎஸ்பி டிரைவர் ஈக்வல் டு 1னு ஒரு ஆப்ஷன், அத போட்டு ரீபூட் பண்ணினதும் ஸ்பீக்கர்ல சத்தம் வந்துடுச்சு! விடிகாலைல எழுந்து குதிச்சேன். மறுநாள் ஒரு மீட்டிங், நான் பாட்டுக்கு பேசிட்டே இருக்கேன், அங்க யாருக்கும் எதுவும் கேக்கல. மைக்குன்னு ஒண்ணு இருக்கறதாவே சிஸ்டத்துக்குத் தெரியல. லேப்டாப்புக்கு வாய் வந்துச்சு, காது வரல.

இங்கதான் முதல் நன்றி, அதுவும் பெரிய நன்றி, அண்ணனுக்கு. அண்ணனுக்கு கண் தெரியாது, திரையில இருக்கறத வாசிச்சுக் காட்டற ஆர்கா ஸ்கிரீன் ரீடர் வெச்சுதான் கம்ப்யூட்டர் எல்லாம். "உனக்கு சவுண்டு போனா பாட்டு கேக்க முடியாது தம்பி, எனக்கு சவுண்டு போனா ஸ்கிரீனே போன மாதிரி, அதனால இந்த வேலைய நான் பழகித்தான் ஆகணும்"னு சிரிச்சிட்டே சொன்னாரு. சிஸ்டம் எழுதி வைக்கற லாக்க நான் காப்பி பண்ணி அனுப்பவான்னு கேட்டேன், வேணாம், போன்ல வாசிச்சு காட்டுன்னாரு. ஏண்ணே உங்க மெஷினே வாசிக்குமேன்னா, "அனுப்பினா எனக்கு அது வாசிக்கும், நீ படிக்க மாட்ட, அதான்" அப்படின்னாரு. பட்டுன்னு வாய மூடிக்கிட்டேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ய சொன்னாரு, எனக்கு அது சுத்தமா பிடிக்கல. நீயா போட்டது எல்லாத்தையும் எடு, சத்தம் வர வெச்ச அந்த வரி உட்பட எடு, எடுத்துட்டு ரீபூட் பண்ணுன்னாரு. அண்ணே அது ஒண்ணுதான் வேலை செய்யுதுன்னு கெஞ்சிப் பாத்தேன், விடல. எடுத்தேன். பழையபடி டம்மி அவுட்புட். இப்ப டிமெசேஜ்ல, அதான் லினக்ஸோட மையமான கர்னலோட லாக்குல, எஸ்ஓஎஃப்னு தேடி வாசின்னாரு. வாசிச்சேன். டிஜிட்டல் மைக் இருக்கு, அதனால எஸ்ஓஎஃப் டிரைவர பயன்படுத்துறேன்னு ஒரு வரி, அதுக்குக் கொஞ்சம் கீழ எஸ்ஓஎஃப்-டிஜிஎல்னு ஒரு ஃபைல லோடு பண்ண முடியல, மைனஸ் 2ன்னு இன்னொரு வரி. வாசிச்சுட்டே இருந்தவன் அப்படியே நின்னுட்டேன். முதல் நாள் இதே லாக்க எத்தன தடவ உருட்டியிருப்பேன், செவப்பா இருந்ததால எரர்னு தெரிஞ்சுது, என்ன எரர்னு படிக்கவே இல்ல. வாயால சொன்னப்பதான் காதுல ஏறுச்சு. "மைனஸ் 2ன்னா அந்த ஃபைலே இல்லன்னு அர்த்தம், கார்டும் கெடல ஒண்ணும் கெடல, ஒரு ஃபைல் இல்ல, அவ்ளோதான்"ன்னாரு.

அப்புறம் எனக்கு பொறுமையா வெளக்கினாரு, அத இங்கயும் எழுதி வைக்கிறேன், இன்னொருத்தருக்கு ஆகும். பழைய இன்டெல் லேப்டாப்புல சவுண்டுக்கு எச்டிஏங்கற வழக்கமான டிரைவர் ஒண்ணு போதும், தனியா ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ளயே ஓடற மென்பொருள், எதுவும் வேண்டியதில்ல. இப்ப வர்ற நிறைய லேப்டாப்புல மைக்கு நேரா இன்டெல் சிப்புக்குள்ள இருக்கற டிஎஸ்பிங்கற குட்டி சவுண்டு பிராசசரோட சேர்ந்திருக்கு, அந்த டிஎஸ்பி ஓடணும்னா அதுக்குத் தனி ஃபர்ம்வேர் ஏத்தணும், அதான் எஸ்ஓஎஃப், சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், 2018ல அறிவிச்சது. நான் போட்ட அந்த 1, டிஎஸ்பிய விட்டுடு, பழைய எச்டிஏ வழியிலயே போன்னு கர்னல் கிட்ட சொல்ற ஆப்ஷன். அந்த வழில ஸ்பீக்கர் இருக்கு, மைக்கு இல்ல. இதுல கொடுமை என்னன்னா அந்த வரி இருக்கற வரைக்கும் எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர தேடவே தேடாது, தேடினாத்தான ஃபைல் இல்லன்னு எரர் வரும்? நான் மருந்துன்னு நெனச்சு போட்டது நோய மூடி வெச்சிருந்துச்சு. அண்ணன் எடுக்க சொல்லலன்னா இன்னிக்கும் நான் மைக்கு உடைஞ்சிருக்கு, லேப்டாப்ப மாத்திக்குடுங்கன்னு சண்ட போட்டுட்டு இருந்திருப்பேன்.

சரி பேக்கேஜ போடலாம்னா, ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்டுன்னு பேரு, பேக்கேஜ் இறக்கித் தர்ற ஆப்ட் அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்குது. இங்க அக்கா வந்தாங்க. ரெண்டாவது நன்றி அவங்களுக்கு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "நீங்க 11ல இருந்து 12க்கு அப்கிரேடு பண்ணினீங்களா?" ஆமாக்கா. "சோர்சஸ் லிஸ்ட்ட தொறந்து காட்டுங்க." ஆப்ட் எங்க இருந்து பேக்கேஜ் எடுக்கணும்னு சொல்ற பட்டியல் அது. முடிஞ்சுது கதை. 2022ல டெபியன்காரங்க ஓட்டு போட்டு, மூடின ஃபர்ம்வேர் எல்லாத்துக்கும் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்னு தனி பிரிவு வெச்சு, இன்ஸ்டாலர்லயே சேத்துக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணாங்க, 2023 ஜூன்ல வந்த 12ல இருந்து அப்படித்தான். புதுசா இன்ஸ்டால் பண்ணினவங்களுக்கு இந்த தொல்லையே இல்ல. என்ன மாதிரி பழைய லிஸ்ட்ட வெச்சு இழுத்துட்டு வந்தவன் அந்தப் பிரிவ கையாலதான் சேக்கணும், அது ரிலீஸ் நோட்ஸ்ல தெளிவா இருக்காம், ரிலீஸ் நோட்ஸ் யாரு படிக்கறா. பழைய லேப்டாப்புக்கு இந்த ஃபர்ம்வேர் தேவையே படாததால இல்லாதது தெரியவும் இல்ல.

ஓப்பன் ஃபர்ம்வேர்னு பேர வெச்சுட்டு ஏங்க்கா நான்-ஃப்ரீல இருக்குன்னு கேட்டேன். சோர்ஸ் திறந்துதான் இருக்கு, ஆனா கடைல விக்கற பெரும்பாலான இன்டெல் லேப்டாப்புல இன்டெல் கையெழுத்து போட்ட பைனரியத்தான் சிப்பு ஏத்துக்கும், நாமளே பில்ட் பண்ணினத ஏத்துக்காது, பேக்கேஜ் பேர்ல சைன்டுன்னு இருக்கறது அதானாம். சாவி அவங்க கிட்ட இருந்தா வீடு யாருது? எனக்கு அது இன்னும் உறுத்துது, அக்காவுக்கும் உறுத்துதாம், ஆனா மைக்கு வேணுமே.

அந்தப் பிரிவ சேத்து, பேக்கேஜ் போட்டு ரீபூட், கார்டு வந்துடுச்சு, ஏபிளேங்கற கமாண்டுல பட்டியல் வருது, ஆனா டெஸ்க்டாப்ல இன்னும் டம்மி! இது முழுக்க நான் முதல் ராத்திரி பண்ணின அட்டூழியம். பல்ஸ்ஆடியோவும் பைப்வயரும் ரெண்டும் பாதி பாதி இன்ஸ்டால் ஆகி நாந்தான் நாந்தான்னு கார்டுக்கு சண்ட போட்டுட்டு இருந்துச்சு. அக்கா அதையும் உக்காந்து பிரிச்சு விட்டாங்க, பழைய பல்ஸ் சர்வர எடுத்துட்டு பைப்வயர்-பல்ஸும், பைப்வயருக்கு டிவைஸ எடுத்துக் குடுக்கற வயர்பிளம்பரும் மட்டும் வெக்க சொல்லி, வயர்பிளம்பர் நெனப்புல வெச்சிருந்த பழைய டிவைஸ் விவரத்தையும் ஹோம் ஃபோல்டர்ல இருந்து அழிக்க வெச்சாங்க. ஒரு தடவ கூட "யாரு இத பண்ண சொன்னா"ன்னு கேக்கல. நான் கேட்டிருப்பேன்.

மூணாவது, காலேஜ் படிக்கற தம்பி. ஸ்பீக்கர் ஓகே, மைக்கு ஓகே, ஹெட்ஃபோன் மட்டும் செத்து கெடந்துச்சு. நான் சத்த அளவ மாத்தற அல்சாமிக்ஸர் எல்லாம் பாத்துட்டேன்பா, மாஸ்டர் 100ல இருக்குன்னு கெத்தா சொன்னேன். "அண்ணா, எஃப்6 அழுத்தினீங்களா?" இல்ல. சும்மா தொறந்தா பைப்வயரோட பொம்மை மிக்ஸர்தான் வரும், ஒண்ணு ரெண்டு பட்டைதான் இருக்கும், எஃப்6 அழுத்தி நிஜ கார்ட எடுத்தாத்தான் எல்லா பட்டையும் தெரியும். எடுத்தா ஹெட்ஃபோனுக்கு அடியில எம்எம்னு இருக்கு, எம்எம்னா மியூட், 00 ஆனாத்தான் திறந்திருக்குன்னு அர்த்தம். எம் கீய ஒரு தட்டு, அவ்ளோதான், முழுசா அஞ்சு நிமிஷம் ஆகல. தம்பி நீ சின்ன உதவின்னு சொன்ன, எனக்கு அப்படி இல்ல, அந்த நிமிஷம் வரைக்கும் நான் ஹெட்ஃபோன் ஜாக்க சர்வீசுக்கு குடுக்கறதுன்னு முடிவே பண்ணிட்டேன்.

இன்னொருத்தருக்கும் சொல்லணும், விண்டோஸோட டூயல் பூட் இருந்தா ரீபூட் பண்ணாம முழுசா ஷட்டவுன் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருன்னு முதல் நாளே சொன்னவரு. என் கிட்ட விண்டோஸே இல்ல சார், ஆனாலும் நன்றி.

நேர்ல பழகாதவங்களுக்கும் கொஞ்சம் பாக்கி இருக்கு. கிராவிஸ் அல்ட்ராசவுண்டுன்னு ஒரே ஒரு கார்டுக்காக எழுதின டிரைவர்ல இருந்து, லினக்ஸ் சவுண்டுக்கு அடித்தளமான அல்சாவ 1998ல ஆரம்பிச்சு வளத்த யாரோஸ்லாவ் கிசேலா, இத்தன வருஷமா கர்னல்ல சவுண்டு பகுதிய பாத்துக்கற தகாஷி இவாய், பைப்வயர் எழுதின விம் டைமன்ஸ். தம்பி ஒரு நாள் ரியல்டெக் சவுண்டு சிப்போட டிரைவர் சோர்ஸ காட்டினான், உள்ள லேப்டாப் மாடல் மாடலா ஒரு நீள பட்டியல், இந்த ஐடி வந்தா இந்த பின்ன இப்படி மாத்து, அந்த ஐடி வந்தா ஹெட்ஃபோன் மைக்க அப்படி பாருன்னு. ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் லேப்டாப் ஊமையா கெடந்திருக்கு, அவர் விவரத்த அனுப்பியிருக்காரு, யாரோ பேட்ச் போட்டிருக்காங்க. என் மாடலும் அதுல இருக்கு. எவர் அனுப்பினாரோ, நன்றிங்க.

கடைசியா சத்தம் வந்த நிமிஷத்த சொல்லியே ஆகணும். ஸ்பீக்கர்-டெஸ்ட்ட ஓட விட்டப்ப அண்ணன் போன்ல இருந்தாரு. "ஃப்ரண்ட் லெஃப்ட்"னு அந்தக் குரல் வந்துச்சு, அப்புறம் "ஃப்ரண்ட் ரைட்", நான் ஹேன்னு கத்தறேன், அண்ணன் அமைதியா "ரெண்டும் ஒரே பக்கத்துல இருந்து வர்ற மாதிரி இருக்கே தம்பி, போன எங்க வெச்சிருக்க"ன்னு கேக்கறாரு. போன் லெஃப்ட் ஸ்பீக்கர் மேலயே படுத்திருந்துச்சு. போன் வழியாவே அந்த அளவுக்கு அவருக்குக் கேட்டிருக்கு. யூஎஸ்பி சவுண்டு டாங்கிள் ஒண்ணு எப்பவும் பையில வெச்சுக்கோ, அதுக்கு கர்னல்ல இருக்கற பொது டிரைவரே போதும், பெரும்பாலும் ஃபர்ம்வேர் கேக்காது, எது செத்தாலும் அது பேசும்னு சொல்லிட்டுதான் போன வெச்சாரு. வாங்கிட்டேண்ணே.

ஒரு சின்ன விஷயம் மட்டும் பாக்கி. பேட்டரில ஓடறப்ப பாட்டு நின்ன கொஞ்ச நேரத்துல ஸ்பீக்கர்ல "டப்"புன்னு ஒரு சத்தம் வருது, பவர் சேவ் வேலைன்னு நெனக்கறேன், அத 0 ஆக்கினா போயிடும்னு ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. இந்த தடவ நான் எதையும் காப்பி பண்ணல. அண்ணே, நாளைக்கு சாயங்காலம் போன் பண்றேன், லாக்க வாசிக்கறேன்.